நூறு ஃபீல்டு

மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பிழைக்கிறவன் நான். திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி லேபில் காசநோய்க்கான சளிப் பரிசோதனைதான் என் முதல் வேலை. ஒருவருக்கு மூன்று சாம்பிள் எடுத்த காலம் அது. 2009க்குப் பிறகுதான் அது இரண்டானது.

சளியை ஸ்லைடில் தேய்த்துக் காயவைத்து, கார்பால் ஃபுக்சின் ஊற்றி, ஆவி கிளம்பும்வரை அடியில் சூடு காட்ட வேண்டும். கொதித்துவிடக் கூடாது. பிறகு ஆசிட், கடைசியில் மெத்திலீன் புளூ. கிருமி இருந்தால் நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். லென்ஸ் வழியாக ஒரு தடவையில் தெரிகிற வட்டத்துக்கு ஃபீல்டு என்று பெயர். கிருமி நிறைய இருந்தால் முதல் ஃபீல்டிலேயே கண்ணில் குத்தும். இல்லை என்று எழுதுவதுதான் கஷ்டம். நெகட்டிவ் போட வேண்டுமானால் நூறு ஃபீல்டு பார்த்தாக வேண்டும். நூறிலும் சேர்த்து ஒன்று முதல் ஒன்பது குச்சிகள் வரை இருந்தால் அதற்கு ‘ஸ்கேன்ட்டி’ என்று பெயர். கண்ணில் படாமல் நழுவுவது பெரும்பாலும் இந்த ரகம்தான்.

அப்போது நான் அனல் பறக்கிற விசுவாசி. கன்வென்ஷன் என்கிற எழுப்புதல் கூட்டத்தின் பந்தலில் அழுது, இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்தவன். கூட்டம் முடிந்து ஒரு மாதம் விடிகாலை ஜெபம், போகிற இடமெல்லாம் சாட்சி. அப்புறம் மெல்லச் சாம்பல் பூக்கும். அடுத்த கன்வென்ஷனில் மறுபடி பற்றிக்கொள்ளும். நடுவில் எந்தப் பிரசங்கியார் புதிதாக எதைச் சொன்னாலும் அவர் பின்னால் ஓடுவேன்.

லேபில் எனக்கு மூத்தவர் ஒரு அண்ணாச்சி. எங்கள் சபைக்காரர்தான். ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் ஓரமாக உட்காருவார், பாடுவார், வீட்டுக்குப் போய்விடுவார். சாட்சி சொல்லி நான் கேட்டதில்லை. லவோதிக்கேயா சபையைப் பற்றி பைபிளில் வெளிப்படுத்தலில் வருமே, குளிருமில்லை அனலுமில்லை என்று, அந்தக் கணக்கில்தான் அவரை வைத்திருந்தேன். வாய்விட்டுச் சொன்னதில்லை, மனசுக்குள் முத்திரை குத்தியாகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபம். சனிக்கிழமை காலை நேரே டியூட்டி. பதினான்கு ஸ்லைடு, கண் சொருகுகிறது. ஒன்றை முப்பது ஃபீல்டு பார்த்திருப்பேன், நெகட்டிவ் என்று ரெஜிஸ்டரில் எழுதிவிட்டேன். பழைய ஸ்லைடுகளில் சிலவற்றை எடுத்து, எங்கள் முடிவைக் காட்டாமல் வேறொருவரைப் பார்க்கச் சொல்லும் முறை ஒன்று உண்டு. அடுத்த மாதம் அந்த ஸ்லைடு அதில் மாட்டியது. ஸ்கேன்ட்டி, நான்கு குச்சிகள்.

“எத்தன ஃபீல்டு பார்த்த தம்பி?” என்றார் அண்ணாச்சி.

“நூறு அண்ணாச்சி.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்லைடை வைத்து, எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, “சத்தமா எண்ணிக்கிட்டே பாரு” என்றார். அறுபத்தி ஒன்றில் முதல் குச்சி வந்தது. நிமிர்ந்து, “முப்பதுதான் பார்த்தேன்” என்றேன். “சரி, கை கழுவிட்டு வா, டீ குடிப்போம்.” அன்று சாயங்காலமே ரெஜிஸ்டரில் இருந்த விலாசத்தைக் குறித்துக்கொண்டு பைக்கில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். அந்த மனிதர் வேலைக்குப் போயிருந்தார். இருமல் நிற்கவில்லை என்றார் அவர் மனைவி. மறுநாள் அந்த மனிதர் வந்தார், மருந்து தொடங்கினார்கள். வீட்டிலிருந்த சின்னப் பிள்ளைகளையும் டாக்டர் பார்த்தார். அந்தப் பிள்ளைகளின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

பைபிளில் எபிரெயர் நிருபம் 5ஆம் அதிகாரத்தின் கடைசியில் பாலும் பலமான ஆகாரமும் வருகிறது. குழந்தைக்குப் பால், வளர்ந்தவனுக்குப் பலமான ஆகாரம் என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். வளர்ந்தவன் யார் என்பதற்கு அங்கே இருக்கும் அடையாளத்தை நான் கவனித்ததே இல்லை. அதிகமாய்த் தெரிந்தவன் என்றோ அதிகமாய் அழுதவன் என்றோ அங்கே இல்லை. நன்மை தீமையைப் பிரித்தறிய, முயற்சியினால் பழகின ஞானேந்திரியங்கள் உள்ளவன் என்று இருக்கிறது. பழகுவதற்கு அங்கே வரும் கிரேக்கச் சொல்லும் நம் ஊர் ‘ஜிம்’மும் ஒரே வேரில் வந்தவை.

லேபில் வேலை பார்த்தவனுக்கு இது சட்டென்று விளங்கும். புதிதாக வருகிற பையன் சாயத் துணுக்கைப் பார்த்துவிட்டுக் கிருமி என்று கத்துவான், கிருமியைத் தாண்டிப் போய்விடுவான். ஆயிரம் ஸ்லைடுக்குப் பிறகு கண் தானாகவே நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கன்வென்ஷனை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கு முதல் நெருப்பு அங்கேதான் கிடைத்தது. ஆனால் பொய் சொல்ல வாய் வரும்போதே நாக்கு நிற்பது, சபைத் தேர்தல் சமயத்தில் இரண்டு பக்கமும் வந்து கிளறினாலும் கொதிக்காமல் இருப்பது, இதெல்லாம் பந்தலில் கிடைக்கவில்லை. இப்போதும் முழுசாக வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஒருமுறை அண்ணாச்சியிடம் வெட்கத்தைவிட்டுக் கேட்டேன், உங்களுக்கு ஜெபத்தில் உணர்ச்சியே வராதா என்று. “பாதி நாள் தூக்கம்தான் தம்பி வருது. ஆனா அஞ்சு மணிக்கு எந்திரிச்சு உக்காந்துருவேன்.”

இப்போது கிருமியின் மரபணுவைத் தேடிப் பிடிக்கும் சிபிநாட் மெஷின் வந்துவிட்டது, இரண்டு மணி நேரத்துக்குள் முடிவைச் சொல்லிவிடுகிறது. ஆனாலும் ஸ்லைடு பார்ப்பது நிற்கவில்லை. அண்ணாச்சி ஓய்வு பெற்றுவிட்டார். கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தவரைப் போன வாரம் பார்க்கப் போனேன். கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் சாய்ந்திருந்தார்.

“இன்னைக்கு எத்தன ஸ்லைடு?”

“பதினொண்ணு. ஒண்ணு ஸ்கேன்ட்டி.”

“எத்தனாவது ஃபீல்டுல?”

“எண்பத்தி நாலு அண்ணாச்சி.”

தலையாட்டிக்கொண்டே உள்ளே பார்த்து, “தம்பிக்கு டீ போடு” என்றார்.