மூட்டின் கோணத்திலிருந்து அதன் வேகத்தைக் கணக்கிடுதல்

ரோபோக் கைகள் பலவற்றில் ஒவ்வொரு மூட்டிலும் கோணத்தை அளக்கும் என்கோடர் மட்டுமே இருக்கும். வேகத்துக்கெனத் தனி உணரி இருக்காது. ஆகவே அடுத்தடுத்த இரண்டு கோணங்களின் வித்தியாசத்தை இடைப்பட்ட நேரத்தால் வகுத்துத்தான் வேகத்தைப் பெறுகிறோம். நேர இடைவெளி குறையக் குறைய விடை துல்லியமாகும் என்ற பாடப்புத்தக எண்ணத்தை இங்கே கைவிட வேண்டியிருக்கிறது.

12 பிட் என்கோடர் ஒரு சுற்றை 4096 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி ஏறத்தாழ 0.088 பாகை. மூட்டு வினாடிக்கு 10 பாகை வீதம் சீராகத் திரும்புகிறது, நாம் வினாடிக்கு 1000 முறை கோணத்தைப் படிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிவினாடியில் மூட்டு நகர்வது 0.01 பாகைதான் என்பதால், எட்டொன்பது மாதிரிகளுக்கு (அதாவது, கோணத்தைப் படித்த தடவைகளுக்கு) ஒருமுறையே படி மாறும். கணக்கில் வரும் வேகமோ 0, 0, 0 என்று நீண்டு, திடீரென 88-க்குத் துள்ளி, மறுபடி 0-வில் விழும். சராசரி 10தான், ஆனால் அந்தப் பட்டியலில் 10 என்ற எண் எங்குமே இராது. இதை அப்படியே மோட்டாரை இயக்கும் கட்டுப்பாட்டுச் சுற்றுக்குள் விட்டால் மோட்டார் உறுமத் தொடங்கும்.

இடைவெளியை 10 மில்லிவினாடியாக்கினால் வேகக் கணக்கில் ஒரு படியின் மதிப்பு 8.8-ஆகக் குறைகிறது, அதற்கு விலையாக, கிடைக்கும் வேகம் 5 மில்லிவினாடி பழையதாகிவிடுகிறது. இரைச்சலுக்கும் (கணக்கிட்ட வேகத்தின் இந்தத் துள்ளலுக்கும்) தாமதத்துக்கும் இடையிலான இந்தப் பேரத்தைத் தவிர்க்கும் சூத்திரம் எதுவும் இல்லை.

1964-இல் சவிட்ஸ்கியும் கோலேயும் வெளியிட்ட முறை எனக்குப் பிடித்தமானது. ஐந்து மாதிரிகளை −2, −1, 0, 1, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, மாதிரி இடைவெளியின் பத்து மடங்கால் வகுத்தால், அவற்றுக்குப் பொருத்திய வளைவின் நடுப்புள்ளிச் சரிவு, அதாவது அந்தக் கணத்தின் வேகம், கிடைக்கும். மேற்சொன்ன 88 இதில் ஏறத்தாழ 26-க்கு மேல் ஏறாது. ஆனால் அது பின்வரும் இரண்டு மாதிரிகளையும் கேட்பதால், ஓடிக்கொண்டிருக்கும் ரோபோவில் அந்த அளவு தாமதத்தை ஏற்றே ஆக வேண்டும். பதிவான தரவைப் பின்னர் ஆராய்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை; வடிகட்டியை (இரைச்சலைக் குறைக்கும் கணக்கு முறையை) முன்னோக்கி ஒருமுறையும் பின்னோக்கி ஒருமுறையும் ஓட்டித் தாமதத்தை நீக்கிக்கொள்ளலாம்.

வகுக்கும் நேரம், கோணம் படிக்கப்பட்ட கணங்களின் உண்மையான வித்தியாசமாக இருக்கட்டும். அந்தக் கோணத்தைத் தாங்கிய செய்தி வந்துசேர்ந்த நேரத்தை நம்ப வேண்டாம். மேலும், கோணம் 179.9-இலிருந்து −179.9-க்குத் தாவும் இடத்தில், 10 மில்லிவினாடி இடைவெளியில்கூட, மூட்டு வினாடிக்கு ஏறத்தாழ 36,000 பாகை பின்னோக்கிச் சுழன்றதாகக் கணக்கு சொல்லும். வடிகட்டி இந்தத் தாவலை அழிக்காது, அக்கம்பக்கத்து மாதிரிகளுக்கும் பரப்பிவிடும் என்பதால், வடிகட்டும் முன்பே கோணத்தைத் தொடர்ச்சியாக்கிவிட வேண்டும்.