சோற்று வேளையில் வீங்கிய தாடை

காவேரிப்பட்டணத்து மாங்கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும் பருவத்தில்தான், என் வலது தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு வீக்கம் எழுந்து காதுவரை வலி இழுத்தது. பொன்னுக்கு வீங்கிதான் என்று முடிவு கட்டிய அம்மா, தம் தங்கச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டு, மஞ்சளும் சந்தனமும் குழைத்துப் பூசினார். எனக்கோ காய்ச்சலே இல்லை.

முதலில் பார்த்த மருத்துவர் நெறி கட்டியிருப்பதாகக் கூறி ஐந்து நாளுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதித் தந்தார். வடிந்த வீக்கம் இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. அடுத்துப் பல் மருத்துவரிடம் போனேன். ஃபுளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவன் என்பதால் என் பற்களில் பழுப்புக் கறை உண்டு. அதுதான் வினை என்று நானே தீர்மானித்திருந்தேன். கறை வேறு, சொத்தை வேறு என்று விளக்கிய அவர், கடைவாய்ப் பற்களைத் தட்டிப் பார்த்து எக்ஸ்ரேயும் எடுத்தபின், வேரில் சீழ் இல்லை, ஞானப்பல்லிலும் குறையில்லை என்றார்.

கிருஷ்ணகிரியில் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர்தான், அதுவரை யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்: "எந்த நேரத்தில் வீங்குகிறது?" யோசித்தபோதுதான், சோற்றுக்கு உட்கார்ந்ததும், அதிலும் புளிக்குழம்போ உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட மாங்காயோ வாயில் பட்டதும் வீங்கி, ஓரிரு மணி நேரத்தில் தானே வடிவது நினைவுக்கு வந்தது. அவர் ஒரு விரலை நாக்கின் அடியிலும் மறுகையைத் தாடைக்குக் கீழும் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, வீங்கியது நெறியன்று, உமிழ்நீர்ச் சுரப்பி என்றார். அதன் குழாயில் கல் அடைத்தால், புளிப்புக்கு ஊறும் உமிழ்நீர் வெளியேற வழியின்றித் தேங்கிச் சுரப்பி உப்பிவிடுகிறது. தாடைக்குக் கீழுள்ள சுரப்பியின் உமிழ்நீர் கெட்டியானது, மேல்நோக்கி ஏற வேண்டியது என்பதால் இத்தகைய கற்கள் பெரும்பாலும் அங்கேதான் உண்டாகின்றனவாம்.

வேறு எதையெல்லாம் ஐயப்படுவீர்கள் என்று நான் விடாமல் கேட்டேன். தொண்டைச் சதை அழற்சியில் விழுங்கும்போது வலிக்கும். வாரக்கணக்கில் வடியாத நெறியோடு மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்தால் காசநோயைத் தேட வேண்டும். வலியின்றிக் கெட்டியாக வளரும் கட்டியை ஊசியால் உறிஞ்சிச் சோதிக்காமல் விடக்கூடாது என்றார்.

ஸ்கேனில் 6 மி.மீ. கல் தெரிந்தது. அது குழாயின் வாய்ப்பக்கத்திலேயே இருந்ததால், நாக்கின் அடியில் மரத்துப்போக ஊசி போட்டு, சிறிதாகக் கீறி எடுத்துவிட்டார்கள். உடைத்த துவரம்பருப்பைப் போன்ற அந்தக் கல்லை அம்மாவிடம் காட்டியபின் சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தேன். புண் ஆறிய பிறகு, பருவத்தின் கடைசி மாங்காயில் ஒரு கீற்றை உப்பு மிளகாயோடு தின்றேன், தாடைக்குக் கீழே கை வைத்துக்கொண்டேதான்.