செக்ரோலில் மாமாவின் பேர்

மாமாவை எங்களோடு வைத்துக்கொள்வது என்று முடிவானபோது, மருந்து கொடுப்பதும் குளிக்க வைப்பதும்தான் பெரிய பாடாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பாடு வந்தது விடியற்காலை நாலரை மணிக்கு. "பிரட்டுக்கு நேரமாச்சு. என் கம்பளிய எங்க வச்ச, புள்ள?" பிரட்டு என்றால் தோட்டத்தில் வேலை தொடங்கும் முன் பேர் கூப்பிடுவது.

இலங்கை மலையகத்தில், நுவரெலியாவை அடுத்த கந்தப்பளைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மரக்கறி நிலம் இருக்கிறது. லீக்ஸ், கெரட், கோவா, அதோடு இரண்டு பசு. மாமா என் வீட்டுக்காரரின் அப்பா. தேயிலைத் தோட்டத்தில் 38 வருஷம் வேலை செய்தவர், அதில் பாதிக்கு மேல் தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்து வெட்டு. 2023 ஆவணியில் கிளினிக்கில் அவருக்கு மறதி நோய் என்றார்கள். பக்கத்து லயத்துத் தம்பி ஒருவனும் பகலில் எங்களோடுதான். இருபத்திரண்டு வயது, டவுன் சின்ட்ரோம். அவன் அம்மா கொழுந்தெடுத்துவிட்டு வரும்வரை நாங்கள் பார்த்துக்கொள்வோம். பண்ணை நடத்துகிறோம் என்ற நினைப்பெல்லாம் எங்களுக்கு இருந்ததில்லை. ஒருமுறை நெதர்லாந்திலிருந்து வந்த ஒரு பெண்தான், அவர்கள் நாட்டில் இந்த மாதிரி இடத்துக்குப் பராமரிப்புப் பண்ணை என்றே பேர், ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன என்றார். ஐப்பசியில் அங்கே இலை உதிருமாம். எங்களுக்கு ஐப்பசி வந்தால் காலில் அட்டை ஏறும், அவ்வளவுதான்.

ஐப்பசியில் இங்கே காலையில் வெயில், இரண்டு மணிக்கு இடி, நாலு மணிக்கெல்லாம் மூடுபனி. அந்த நாலு மணிதான் மாமாவுக்கு ஆகாது. ஜன்னலில் தன் நிழலைப் பார்த்தே "யாரது?" என்பார். மூன்றரைக்கே எல்லா லைட்டையும் போட்டு, ஜன்னல் சீலையை இழுத்துவிட்டால் பாதி அமைதி. இன்னொன்று, ராத்திரி படுக்கும் முன் பாதம், விரலிடுக்கு எல்லாம் பார்த்துவிட வேண்டும். அட்டை கடித்தது அவருக்குத் தெரியாது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை வேறு போடுகிறார். ஒரு நாள் காலையில் சாரமெல்லாம் இரத்தம். பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை.

பிரட்டு விஷயத்தில் முதலில் நாங்கள் உண்மையைச் சொல்லிப் பார்த்தோம். "உங்களுக்குப் பென்ஷன் வயசு தாண்டிருச்சு மாமா, வேலைய விட்டு பத்து வருஷமாச்சு." அவருக்கு அது தினமும் புதுச் செய்தி. தினமும் வேலையிலிருந்து நிறுத்தியதுபோல அழுவார். அப்புறம் கதவுக்குத் தாழ்ப்பாளைப் போட்டோம். அது அதைவிட மோசம்.

ஒக்டோபர் கடைசியில் ஒரு நாள் அந்தத் தாழ்ப்பாளையும் திறந்துகொண்டு போய்விட்டார். ராத்திரி முழுக்க மழை. 2014 ஒக்டோபர் 29, தோட்டத்து லயங்களையே புதைத்த மீரியபெத்த மண்சரிவுக்குப் பிறகு இப்படி மழை பெய்தால் எனக்குத் தூக்கமே வராது. அன்றைக்கு மட்டும் எப்படியோ கண் அசந்திருந்தேன். பீலிக்கரை, கோயில், ரோட்டு வளைவு என்று தேடித் திரிந்தோம். ஏழரைக்கு ஒரு ஓட்டோக்காரர் போன் எடுத்தார். மூன்று கிலோமீட்டர் தள்ளி, பழைய தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறாராம்.

நாங்கள் போனபோது கொழுந்துக்கார அக்காமார் அவரை உட்கார வைத்து வெறுந்தேத்தண்ணி கொடுத்திருந்தார்கள். வயதில் அவருடைய பேரன் மாதிரி இருந்த கணக்கப்பிள்ளை, கையிலிருந்த கொப்பியில் எதையோ எழுதிவிட்டு, "ஐயா, உங்க பேரப் போட்டாச்சு. இன்னைக்கு மழை, வேலை இல்ல. வீட்டுக்குப் போங்க" என்றார். மாமா தலையாட்டிவிட்டுப் பேசாமல் ஓட்டோவில் ஏறினார். இரண்டு மாதமாக எங்களால் முடியாததை அந்தப் பொடியன் ஒரே வரியில் செய்துவிட்டான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மறுநாளிலிருந்து மாட்டுப்பட்டிக்கு முன்னால் எங்கள் பிரட்டு. நேரத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி ஆறு மணிக்குக் கொண்டுவந்தோம். நாற்பது பக்கக் கொப்பிதான் செக்ரோல், அதாவது வேலைக்கு வந்தவர்களின் பேரைக் குறிக்கும் பதிவேடு. வீட்டுக்காரர் பேரைக் கூப்பிடுவார், மாமா "ஆ" என்பார், நான் குறித்துக்கொள்வேன். நாலாம் நாள் தம்பியும் வரிசையில் வந்து நின்றான். அவன் பேரையும் எழுதச் சொல்லி ஒரே பிடிவாதம். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது மாட்டெருதான் எங்கள் லீக்ஸைக் காப்பாற்றியது. அன்று முதல் எருக்குழியை விடவில்லை, அது இப்போது தம்பியின் பொறுப்பு. ஒரு கூடை குறைந்தாலும் எண்ணிச் சொல்வான்.

மாமாவுக்கு வேலை பிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கெரட் தரம் பிரிக்கக் கொடுத்தால், "இது பொம்பள வேல" என்று தள்ளிவிட்டார். புல்லுக்கட்டு தூக்கினால் மூச்சு வாங்கியது. அவர் கேட்டது கவ்வாத்துக் கத்தி. அதை நான்தான் அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். மறதிக்காரர் கையில் கத்தியா என்று வீட்டில் பெரிய சண்டை. கடைசியில், அவர் மகன் பக்கத்திலேயே நிற்பது, அரை மணி நேரத்துக்கு மேல் இல்லை, முடிந்ததும் கத்தி என் கைக்கு வர வேண்டும் என்ற பேச்சில் ஒத்துக்கொண்டேன். வேலியோரம் யாரும் கவனிக்காமல் தலைக்கு மேல் வளர்ந்த இருபது தேயிலைச் செடி இருந்தது. காலையில் என்ன சாப்பிட்டோம் என்று தெரியாத மனிதர், ஒவ்வொரு கிளையையும் ஒரே சாய்வில், பட்டை கிழியாமல் வெட்டினார். எல்லாவற்றையும் வழித்துவிடாமல் செடிக்கு ஓர் இலைக் கிளையை விட்டுவைத்தார். ஏன் மாமா என்று கேட்டேன். "மரம் மூச்சு விட வேணாமா?"

தீபாவளி நவம்பர் 12. அதற்கு இரண்டு நாள் முந்தி, பத்தாம் தேதி, சம்பளம் கேட்டார். எனக்கு அது தோன்றவே இல்லை. 2021 முதல் அப்போது வரை தோட்டத்தில் ஒரு முழுப்பேருக்கு, அதாவது ஒரு முழு நாள் வேலைக்கு, 1,000 ரூபாய். அந்தக் கணக்குக்கு நாங்கள் எங்கே போவது? கவரில் ஐந்து நூறு ரூபாய்த் தாள் வைத்துக் கொடுத்தோம். இரண்டு தரம் எண்ணிவிட்டு, "எவ்வளவு பிடிச்சீங்க?" என்றார். தீபாவளி முன்பணத்துக்குப் பிடித்தது என்று வீட்டுக்காரர் முகம் மாறாமல் சொன்னார். தம்பிக்கும் ஒரு கவர். அவன் எண்ணவில்லை, முத்தம் கொடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

எல்லா நாளும் இப்படி இல்லை. செக்ரோல் பலிக்காத காலைகள் உண்டு, என்னை யாரென்று கேட்ட காலைகளும் உண்டு. தை பிறந்தபோது வேலியோரச் செடிகளில் தளிர் வந்திருந்தது. மாமா அதன் பக்கத்தில் குனிந்து வெட்டுவாயைத் தடவிப் பார்த்தார்.

"இது யாரு வெட்டு? நல்ல கை."

"நம்ம ஆள்தான் மாமா."

"அவனுக்கு முழுப்பேர் போட்டீங்களா?"

போட்டாச்சு என்றேன்.