எண்பது நாளுக்கு ஒரு கடிதம்

2024 நவம்பர் 18, திங்கள். குலசேகரம்

ஊருக்கு வந்து நாலு நாள் ஆகிறது. தங்கை கல்யாணம் ஜனவரி முதல் வாரத்தில்தான். இவ்வளவு சீக்கிரம் ஏன் வந்தாய் என்று கேட்காதவர்கள் இல்லை. கல்யாணம் ஒரு காரணம். இன்னொரு காரணம் என் பையில் மடித்து வைத்திருக்கும் ஒரு தாள். விக்டோரியா மாநிலத்தில் ஆசிரியராகப் பதிவு செய்ய என்னென்ன வேண்டும் என்று நானே எழுதிக்கொண்டது.

மெல்போர்ன் போய் ஒன்றரை வருடமாகிறது. வீட்டுக்காரர் நர்ஸ், போன கையோடு வேலையில் சேர்ந்துவிட்டார். நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருக்கிறேன். நல்ல மனிதர்கள், நேரத்துக்குச் சம்பளம், குறை ஒன்றுமில்லை. ஆனால் மூன்றரை மணிக்கு எதிரே பள்ளிக்கூடம் விடும்போது, கையில் என்ன வேலை இருந்தாலும் ஜன்னல் பக்கம் போய் நின்றுவிடுவேன். நான் கணக்கு டீச்சர். ஆறு வருடம் வகுப்பில் நின்றவள்.

நம் குமரி மாவட்டத்தில் நர்ஸ் வெளிநாடு போக வழி சொல்ல தெருவுக்கு நாலு பேர் உண்டு. மார்த்தாண்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கோச்சிங் சென்டர் போர்டுதான் முதலில் கண்ணில் படும். டீச்சருக்கு வழி சொல்ல ஒருவரும் இல்லை. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன், பின்னால் வருகிற யாருக்காவது உதவட்டும்.

நவம்பர் 20, புதன்

மைனி வாட்ஸ்அப்பில் இருபது நிமிடம் பேசி அனுப்பியிருந்தாள். எனக்கு முன்னால் மெல்போர்ன் போய், பதிவு வாங்கி, அங்கே ‘கேஷுவல் ரிலீஃப் டீச்சர்’ ஆக இருப்பவள். சுருக்கமாக சிஆர்டி என்பார்கள். நிரந்தர ஆசிரியர் லீவு போட்டால் அந்த ஒரு நாளுக்கு வந்து வகுப்பு எடுப்பவர். இதே வேலைக்கு குயின்ஸ்லாந்தில் சப்ளை டீச்சர் என்று பெயர், நியூசிலாந்தில் ரிலீவர். பெயர் மட்டுமல்ல, பதிவு செய்யும் அமைப்பும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. விக்டோரியாவில் விஐடி, நியூ சவுத் வேல்ஸில் நேசா. எந்த ஊரில் குடியிருக்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் பேப்பர் சேர்க்கக் கூடாது.

ஒரு நாள் வேலை என்றாலும் பதிவு இல்லாமல் வகுப்புக்குள் கால் வைக்க முடியாது. பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்து குறைந்தது நாலு வருடப் படிப்பு வேண்டும். பி.எஸ்.சி. மூன்று, பி.எட். இரண்டு, அதில் எனக்குப் பிரச்சினை இல்லை. அப்புறம் இங்கிலீஷ். ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வில் படிப்பதிலும் எழுதுவதிலும் 7, கேட்பதிலும் பேசுவதிலும் 8. நர்ஸுக்குக் கேட்பதைவிட இது அதிகம். வகுப்பு முழுக்க இங்கிலீஷில்தான் எடுத்தேன் என்றாலும் விலக்குக் கிடையாது, இந்தியா விலக்குப் பட்டியலில் இல்லை. முதல் தடவை எழுத்தில் 6.5. அன்று ராத்திரி சாப்பிடவே தோன்றவில்லை. செப்டம்பரில் இரண்டாவது தடவை கடந்தேன். இரண்டு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்திவிட வேண்டும்.

இனி வேண்டியதெல்லாம் ஊரில் இருக்கிறது.

நவம்பர் 25, திங்கள்

காலையில் பி.எட். படித்த கல்லூரிக்குப் போனேன். விடாத மழை.

நாங்கள் 2015-இல் சேர்ந்தவர்கள். பி.எட். ஒரு வருடமாக இருந்தது, எங்கள் பேட்சில்தான் இரண்டு வருடமாக மாறியது. அன்று வீட்டில் எல்லாருக்கும் வருத்தம். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். ஒரு வருடப் ஃபீஸ் கூடுதல் என்றால் எத்தனை ஷீட் விற்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த இரண்டாம் வருடத்தில்தான் பதினாறு வாரம் பள்ளிக்கூடத்தில் பயிற்சி வைத்தார்கள். இப்போது எனக்குக் கை கொடுப்பது அதுதான். குடியேற்றத்துக்காக ஆசிரியர் தகுதியை மதிப்பிடும் ஏஐடிஎஸ்எல் குறைந்தது 45 நாள் மேற்பார்வையோடு வகுப்பு எடுத்திருக்க வேண்டும் என்கிறது. பழைய ஒரு வருட பி.எட். படித்த மைனி இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு ஐந்து மாதம் அலைந்தாள்.

ஆனால் என் மதிப்பெண் பட்டியலில் ‘இன்டர்ன்ஷிப்’ என்று ஒரே ஒரு வரி, பக்கத்தில் மார்க். எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, எத்தனை நாள் என்று எதுவும் இல்லை. அதை விளக்கி கல்லூரி லெட்டர்பேடில் ஒரு கடிதம் வேண்டும் என்றேன். ஆபீஸில் இருந்த அண்ணன் முதலில், “இந்த மாதிரி யாரும் கேட்டதில்லையே பிள்ளே” என்றார். பிறகு அவரே ஸ்டோர் ரூமைத் திறந்து, தூசி தட்டி, 2016-17 வருகைப் பதிவேட்டை எடுத்து வந்தார். இருவரும் உட்கார்ந்து விரல் வைத்து எண்ணினோம். தக்கலைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி, எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும், எண்பது நாள். எண்ணி முடித்ததும் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். “எல்லாம் இருக்கு பாத்துக்கோ. நாங்க ஒண்ணையும் தூக்கிப் போடல்ல.”

அடுத்த வாரம் வியாழக்கிழமை வந்து கடிதம் வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

டிசம்பர் 2, திங்கள்

இன்றைய நாள் நன்றாக இல்லை.

நான் ஐந்து வருடம் வேலை பார்த்த தனியார் பள்ளிக்குப் போனேன். 2017 ஜூன் முதல் 2022 மே வரை. பணிச் சான்றிதழ் என்று மூன்று வரி அடித்து நீட்டினார்கள். ‘எங்கள் பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர், வாழ்வில் சிறக்க வாழ்த்துகிறோம்.’ அதிலும் 2018-லிருந்துதான் போட்டிருந்தது. முதல் வருடம் எங்கே என்று கேட்டால், அது ‘டெம்பரரி’, ரெஜிஸ்டரில் இல்லை என்றார்கள். அந்த வருடம் நான் ஐந்து வகுப்புக்குக் கணக்கு எடுத்தேன். ஒரு நாள்கூட லீவு போடவில்லை. சம்பளம் கவரில் தந்தார்கள். கையெழுத்துப் போட்ட நோட்டு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

விக்டோரியாவில் கேட்பது வாழ்த்து அல்ல. சேர்ந்த தேதி, விட்ட தேதி, முழுநேரமா பகுதிநேரமா, என்ன பாடம், எந்த வகுப்பு, கையெழுத்துப் போடுபவரின் பதவி, அவரை விசாரிக்க ஈமெயில். இவ்வளவும் இருந்தால்தான் அது சான்று. மாதிரி ஒன்று தட்டச்சு செய்து கொண்டு போயிருந்தேன். வாங்கி மேஜையில் வைத்தார்கள், படிக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா என்னிடம் ஒன்றும் கேட்காமல், மடியில் இருந்த சீப்பிலிருந்து இரண்டு மட்டிப் பழம் பிய்த்துத் தந்தார்.

டிசம்பர் 3, செவ்வாய்

கோட்டாறு சவேரியார் திருவிழா, மாவட்டத்துக்கே விடுமுறை. எந்த ஆபீஸும் இல்லை. அம்மை மரச்சீனி அவித்து மீன்குழம்பு வைத்தாள். மதியம் நன்றாகத் தூங்கினேன்.

டிசம்பர் 5, வியாழன்

காலையில் கல்லூரிக் கடிதம் கைக்கு வந்தது. அந்த அண்ணன் சொன்னபடி முத்திரையெல்லாம் வைத்து, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். இரண்டு பிரதி தந்தார்.

மாலையில் எங்கள் பழைய ஹெச்.எம். வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்றுவிட்டார்கள், கண் பார்வை குறைந்திருக்கிறது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அலமாரியில் இருந்து ஒரு கட்டு டைரியை எடுக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு வருடமும் யாருக்கு எந்த வகுப்பு என்று தன் கையால் எழுதி வைத்த கால அட்டவணை! 2017-18 பக்கத்தில் என் பெயர், 6 ஏ, 6 பி, 7 ஏ, 7 பி, 8 பி, வாரம் 28 பீரியட். என் கை நடுங்கிவிட்டது.

“நான் இருந்த காலத்துல டெம்பரரின்னு ஒரு டீச்சரையும் கொறச்சு வெச்சதில்ல மக்களே” என்றார்கள். உடனே தாளாளருக்குப் போன் போட்டு, என் முன்னாலேயே பேசினார்கள். மாதிரிக் கடிதத்தில் இருந்தபடியே, 2017-லிருந்து, திங்கள்கிழமை கையெழுத்துப் போட்டுத் தருவதாகத் தாளாளர் ஒப்புக்கொண்டார். ஒரு போன்தான். அதைச் செய்ய மனம் வந்தவர்கள் அவர்கள் ஒருவர்தான்.

டிசம்பர் 10, செவ்வாய்

தனியார் பள்ளிக் கடிதம் சொன்னபடியே நேற்று கைக்கு வந்தது. 2022-இல் நான் அந்தப் பள்ளியை விட்டது, அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக ஆள் எடுத்தபோது. பட்டதாரி ஆசிரியருக்கு அப்போது மாதம் 10,000 ரூபாய். வெளிநாடு புறப்படும் வரை அங்கே இருந்தேன். இன்று அந்த அரசுப் பள்ளிக் கடிதத்தையும் வாங்கிவிட்டேன், அவர்கள் மறுக்கவில்லை.

என்னோடு வேலை பார்த்த சிநேகிதி அதே மாதிரி வேலையில்தான் இன்னும் இருக்கிறாள். மே மாதம் சம்பளம் கிடையாது, அடுத்த ஜூன் உறுதி கிடையாது. மெல்போர்னில் நான் தேடும் வேலையும் அதேதான் என்றேன். லீவுக்குச் சம்பளமில்லை, பள்ளி விடுமுறையில் வருமானமில்லை. ஆனால் அங்கே ஒரு நாள் போனாலும் அந்த நாள் கணக்கில் எழுதப்படுகிறது. இங்கே வருடம் முழுக்க நின்றாலும் கேட்டு வாங்காவிட்டால் ஒரு தாள்கூட மிஞ்சாது. வருடம் முடிகிறபோதே ஹெச்.எம்.மிடம் எழுதி வாங்கிக்கொள் என்று அவளிடம் சொன்னேன். எங்கும் போகாவிட்டாலும் வாங்கிக்கொள் என்றேன்.

டிசம்பர் 16, திங்கள்

திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திரம். போலீஸ் சான்றுக்கு 500 ரூபாய். இந்தியாவில் இருந்த காலத்துக்கு இதையும் கேட்கிறார்கள்.

வரும் வழியில் நோட்டரி. என் சான்றிதழ் எல்லாவற்றிலும் அப்பா பெயர் ஓர் எழுத்து, இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் ஆகிவிட்டது. இரண்டும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி. நம் ஆட்கள் எல்லாருக்கும் இந்தச் சிக்கல் வரும், அதனால் முதலிலேயே செய்துவிடுவது நல்லது. வக்கீல் படித்துக் காட்டும்போது அப்பாவும் கூட இருந்தார். தன் பெயர் அவ்வளவு தடவை வருவதைக் கேட்டுவிட்டு, “எனக்க பேரு அங்க எதுக்கு?” என்றார்.

2025 ஜனவரி 9, வியாழன்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கன்னியாகுமரிக்கு விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போனோம். வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே புதிதாகத் திறந்த கண்ணாடிப் பாலத்தில் நிற்க இடமில்லை. நாளை கிளம்புகிறோம். பேப்பர் ஃபைலைக் கைப்பையில் வைத்திருக்கிறேன், பெட்டியில் போட மாட்டேன்.

மார்ச் 5, புதன். மெல்போர்ன்

நூலகத்தில் வாரம் இரண்டு நாள் ‘ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்’ ஒருவர் உட்காருகிறார். அசலைப் பார்த்து நகலில் கையெழுத்துப் போட்டுத் தருவார், பணம் வாங்க மாட்டார். பதினேழு தாள். அந்தப் பெரியவர் கல்லூரிக் கடிதத்தைப் படித்துவிட்டு, மிகவும் தெளிவாக இருக்கிறது என்றார். ராத்திரி விண்ணப்பம் அனுப்பினேன்.

மே 20, செவ்வாய்

பதிவு வந்தது. ‘புரொவிஷனல்’, அதாவது முதல் கட்டம். இரண்டு வருடத்துக்குள் இங்கே வகுப்பு எடுத்து, அதற்கான ஆதாரம் காட்டி முழுப் பதிவுக்கு மாற வேண்டும். மைனியிடம் சொன்னால் அவள் அழுகிறாள்.

இனி வேலை தேடுவது. அவள் சொன்னபடி செய்தேன். ஓர் ஏஜென்சியில் பதிந்தேன், கிளாஸ்கவர் ஆப்பில் காலியாக இருக்கும் நாட்களைக் குறித்தேன். ஆனால் பலன் தந்தது மூன்றாவது வழி. பக்கத்தில் உள்ள ஆறு பள்ளிகளுக்கு நேரில் போய், அன்றன்று மாற்று ஆசிரியரை ஏற்பாடு செய்யும் ‘டெய்லி ஆர்கனைசர்’ யார் என்று கேட்டு, ஒரு பக்க விவரத்தை அவர் கையில் கொடுப்பது. கணக்கு டீச்சர் என்றதும் நிமிர்ந்து பார்த்தார்கள். குளிர்காலம் தொடங்குகிறது, காய்ச்சலில் நிறையப் பேர் லீவு போடுவார்கள் என்றார் ஒருவர்.

ஜூன் 11, புதன்

காலை 6:40-க்குப் போன். எட்டு மணிக்கு வர முடியுமா என்று கேட்டார்கள். சமையலறையில் இன்று எனக்கு ஷிஃப்ட் இல்லை. ஓடினேன்.

ஆபீஸில் கையெழுத்து, கழுத்தில் ஒரு அட்டை, கால அட்டவணை, லேப்டாப்பில் வருகை எடுக்க ஒரு தற்காலிக லாகின். நாலு பீரியட், இடைவேளையில் பளிச்சென்ற சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் காவல். மூன்றாவது பீரியட் எட்டாம் வகுப்பு கணக்கு. லீவு போட்ட ஆசிரியர் விகிதம் பற்றி ஒரு வேலைத்தாள் விட்டுப் போயிருந்தார். பாதி பேர் போனை வெளியே எடுக்கப் பார்த்தார்கள், ஒரு பையன் நான் பேசுவது புரியவில்லை என்றான். மெதுவாகச் சொன்னேன். பிறகு வேலைத்தாளை வைத்துவிட்டு, ஒரு மரத்தில் ஒரு நாள் இவ்வளவு பால் கிடைத்தால், இத்தனை மரத்துக்கு எத்தனை ஷீட் என்று போர்டில் எழுதினேன். ரப்பர் மரத்திலிருந்து வருகிறது என்பதே பலருக்குத் தெரியவில்லை. மணி அடித்தும் இரண்டு பேர் நின்று கேட்டார்கள்.

போர்டில் என் பெயர் எழுதச் சொல்லியிருந்தார்கள். இங்கே குடும்பப் பெயரில்தான் டீச்சரைக் கூப்பிடுவார்கள். மிஸ் என்று எழுதி, பக்கத்தில் அப்பா பெயரை எழுதினேன். நாள் முழுக்க இருபத்தைந்து, முப்பது பிள்ளைகள் வகுப்புக்கு வகுப்பு அந்தப் பெயரைச் சொல்லிக் கை தூக்கினார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்தேன். குலசேகரத்தில் மழை, பால்வெட்டு இல்லை, அப்பா வீட்டில்தான் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, ஓட்டின் மேல் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

“அந்தப் பிள்ளைகளுக்கு வாயில நுழையுதா மக்களே?” என்றார்.