பாஸ்வுட் ட்ரஸ் பாலம்: வெட்டு முறைக் கணக்கும் உடைந்த இடமும்

தண்டுகளை முக்கோணங்களாக இணைத்த சட்டம்தான் ட்ரஸ்; பாஸ்வுட் என்ற இலேசான மரத்தில் அப்படி இரண்டு செய்து கட்டிய மாதிரிப் பாலம் இது. அளவுகள் முதலில். நீளம் 54 செ.மீ., தலா 9 செ.மீ. கொண்ட ஆறு கட்டங்கள், உயரம் 12 செ.மீ. இந்த அளவைத் தேர்ந்தெடுக்கக் காரணம் சோம்பேறித்தனம்தான்: 9, 12 என்றால் சாய்வுத் தண்டு சரியாக 15 வரும், சைன், காஸ் தேடாமல் 0.8, 0.6 என்று கணக்கை ஓட்டிவிடலாம். அமைப்பு பிராட் ட்ரஸ். 1844-இல் தந்தை காலெப் பிராட்டும் மகன் தாமஸ் பிராட்டும் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது. நடுவில் எடை தொங்கினால் நீளமான உள்சாய்வுத் தண்டுகள் இழுப்பிலும், அவற்றைவிடக் குட்டையான செங்குத்து நெட்டுத் தண்டுகள் அமுக்கத்திலும் இருக்கும்.

கணு என்பது தண்டுகள் சேரும் இடம். கீழ்க் கணுக்களுக்கு இடமிருந்து கீ0 முதல் கீ6 வரை பெயர். மேலே மே1 முதல் மே5. ஓரச் சாய்தூண்கள் கீ0–மே1, மே5–கீ6. உள்சாய்வுகள் மே1–கீ2, மே2–கீ3, கீ3–மே4, கீ4–மே5. மொத்தம் 21 உறுப்புகள், 12 கணுக்கள். தெரியாதவை 21 தண்டு விசைகளும் 3 தாங்கி விசைகளும்; சமன்பாடுகள் கணுவுக்கு இரண்டு. 21 + 3 = 2 × 12 என்று பொருந்துவதால் சமநிலைச் சமன்பாடுகளே போதும். இதைச் சரிபார்க்காமல் கணக்கில் இறங்கினால் பாதி வழியில் மாட்டிக்கொள்ள நேரும்.

பொருள்: 4 மி.மீ. சதுர பாஸ்வுட் பட்டி, கணுக்களில் இருபுறமும் 1 மி.மீ. பிளைவுட் தகடு, ஒவ்வொரு தண்டின் மேலும் 15 மி.மீ. ஒட்டுப்பரப்பு. பசை பி.வி.ஏ. (வெள்ளை மரப்பசை), 24 மணி நேரம் காயவிட்டது. சூப்பர் குளூ வேகமாகப் பிடிக்கும், ஆனால் உரிக்கும் விசை வந்தால் கண்ணாடிபோல் விட்டுவிடும். இரண்டு ட்ரஸ்களுக்கும் நடுவே 10 செ.மீ. இடைவெளி, மேல் கணு ஒவ்வொன்றிலும் குறுக்குப் பட்டி.

இலக்கு 24 கிலோ, நடுக் கணு கீ3-இல். ஒரு ட்ரஸ்ஸுக்கு 12, தாங்கிகளில் தலா 6. விசைகளையும் கிலோவிலேயே எழுதியிருக்கிறது. நியூட்டன் வேண்டுமென்றால் 9.81-ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

தண்டுகளின் விசையைக் காண இரண்டு வழிகள். கணு முறையில் கீ0-இலிருந்து கிளம்பி ஒவ்வொரு கணுவாக நடுவுக்குப் போக வேண்டும். முதல் கணுவில் குறி தப்பினால் கடைசிவரை தப்பு. பாலத்தைக் கற்பனையாக அறுத்து ஒரு துண்டின் சமநிலையை மட்டும் பார்க்கும் வெட்டு முறையில் நேராக நடுவில் கத்தி வைக்கலாம். கீ2-க்கும் கீ3-க்கும் இடையே வெட்டினால் மூன்றே தண்டுகள் அறுபடும்: மே2–மே3, மே2–கீ3, கீ2–கீ3. மூன்றுமே இழுப்பு என்று வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. விடை மைனஸில் வந்தால் அமுக்கம்.

இடத்துண்டை மட்டும் எடுக்கவும். கீ3-ஐ மையமாக வைத்து மொமென்ட் (விசை × மையத்திலிருந்து அதன் செங்குத்துத் தூரம்) எடுத்தால் மற்ற இரண்டு தண்டுகளும் அதன் வழியே போவதால் விழுந்துவிடும். 6 × 27 = 162, அதை 12-ஆல் வகுக்க 13.5: மேல் தண்டு, அமுக்கம். பலரும் தயங்குவது இங்கேதான். கீ3 நாம் எடுத்த துண்டிலேயே இல்லையே, அங்கே எப்படி மொமென்ட் எடுப்பது? எடுக்கலாம். மொமென்ட் மையம் வெறும் ஒரு புள்ளி; அது மரத்தின் மேல் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அடுத்து மே2-ஐ மையமாக்கினால் 6 × 18 / 12 = 9, கீழ் தண்டு, இழுப்பு. சாய்வுக்குச் செங்குத்துச் சமநிலை: 6 / 0.8 = 7.5, இழுப்பு.

இன்னொரு வழக்கமான பிழை, இடத்துண்டின் கணக்கில் கீ3-இன் 12 கிலோவையும் சேர்ப்பது. அந்த எடை வலத்துண்டில் இருக்கிறது. வலத்துண்டு வழியாகப் போனால்தான் அது வரும்: மே2-ஐச் சுற்றி 6 × 36 − 12 × 9 = 108, 12-ஆல் வகுக்க அதே 9. இந்த இரட்டைச் சரிபார்ப்புக்கு ஒரு நிமிடம்தான்.

நெட்டுத் தண்டு மே2–கீ2-க்கு வெட்டைச் சாய்க்க வேண்டும்: மே1–மே2, மே2–கீ2, கீ2–கீ3 மூன்றும் அறுபடும்படி. விடை 6, அமுக்கம். ஓரச் சாய்தூண் 7.5 அமுக்கம். மே1–கீ1, மே3–கீ3 இரண்டிலும் பூஜ்யம்.

குறி சரியா என்று பார்க்க ஒரு மலிவான வழி உண்டு. இரண்டு ட்ரஸ்ஸிலும் மே2–கீ3 சாய்வுக்குப் பதில் நூல் கட்டி, கீ3-இல் 1 கிலோ தொங்கவிட வேண்டும். நூல் விறைத்து நிற்கும், சுண்டினால் ஒலிக்கும். அதே எடையைக் கீ2-க்கு மாற்றினால் நூல் தொளதொளத்துவிடும். கணக்கும் அதையே சொல்கிறது: கீ2-இல் ட்ரஸ்ஸுக்கு 12 என்றால் இடத் தாங்கியில் 8; 8 − 12 = −4; சாய்வில் 5 கிலோ அமுக்கம். வண்டி நகரும் நிஜ பிராட் பாலங்களில் நடுக் கட்டங்களுக்கு எதிர்ச்சாய்வும் வைப்பது இதற்காகத்தான்.

இனி எது முதலில் போகும்? அதிக விசை மேல் தண்டின் நடுவில், 13.5. ஆனால் அமுக்கத்தில் மெல்லிய தண்டு நசுங்கிச் சாவதில்லை, வளைந்து சாகிறது. அங்கே நீளத்தின் வர்க்கம்தான் எஜமான். பாஸ்வுட்டின் மீள்மைக் குணகம் (விறைப்பின் அளவு) சதுர மி.மீ.க்குச் சுமார் 10,000 நியூட்டன். தண்டு வளையத் தொடங்கும் விசையைத் தரும் ஆய்லர் சூத்திரத்தில் போட்டால் 4 மி.மீ. பட்டி 9 செ.மீ. நீளத்தில் 26.5 கிலோ தாங்கும், 12 செ.மீ.யில் 14.9, 15 செ.மீ.யில் வெறும் 9.5. மேல் தண்டின் தாங்குதிறன் தேவையைப்போல் இரண்டு மடங்கு, 7.5 சுமக்கும் ஓரச் சாய்தூணுக்கோ தேவைக்கு மேல் கால் பங்குதான் கையிருப்பு.

முதல் மாதிரி 21 கிலோவில் போனது. வாளியில் லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றியதால் எடை துல்லியம். எதிர்பார்த்தபடி ஓரச் சாய்தூண்தான், ஆனால் ஒரு பக்க ட்ரஸ்ஸில் மட்டும். வாளி தொங்கிய கொக்கியை அளந்ததில், அது இரண்டு கீ3-களையும் இணைக்கும் குறுக்குக் கம்பியின் நடுவிலிருந்து 1 செ.மீ. விலகியிருந்தது. 10 செ.மீ. இடைவெளியில் 1 செ.மீ. என்றால் பங்கீடு 60-க்கு 40. அந்தப் பக்கத்துக்கு 12.6 கிலோ, சாய்தூணில் 7.9. இன்னும் 9.5-ஐத் தொடவில்லையே என்றால், பட்டியில் ஒட்டும்போதே 1 மி.மீ. வளைவு இருந்தது. 7.9 விசையில் அது ஏறக்குறைய ஆறு மடங்காகப் பெருகும். 6 மி.மீ. வளைந்த தண்டில் அமுக்கத்தைவிட வளைவுத் தகைவே முறிக்கப் போதும்.

இரண்டாவது மாதிரியில் சாய்தூண் மட்டும் 5 மி.மீ. சதுரம், தாங்குதிறன் 23.3-க்கு ஏறியது. பட்டிகளைக் கண்ணாடித் தகட்டில் உருட்டி, தட்டாமல் படிபவை மட்டும் அமுக்கத் தண்டுகளுக்கு. கோணலானவை கீழ் தண்டுக்கும் உள்சாய்வுக்கும், இழுப்பில் அவை தாமே நிமிர்ந்துவிடும். கொக்கி நழுவாமல் கம்பியின் நடுவில் சிறு பள்ளம். 24 கிலோ பத்து நிமிடம் நின்றது.

கடைசிச் சோதனை, பூஜ்ய விசை என்று கணக்குச் சொன்ன மே3–கீ3-ஐ இரண்டு ட்ரஸ்ஸிலும் அறுத்தெடுத்தது. விசை எங்கும் மாறாது, ஆனால் மேல் தண்டின் பிடிமானமற்ற நீளம் 18 செ.மீ. ஆகிவிடும், தாங்குதிறன் நாலில் ஒரு பங்கு: 6.6 கிலோ. மொத்த எடைக் கணக்கில் 11.7. மேல் தண்டு மே1 முதல் மே5 வரை ஒரே பட்டியாக ஓடுவதால் கொஞ்சம் கூடவே தாங்கியது. 14-ஆவது லிட்டரில் மே2-க்கும் மே4-க்கும் நடுவே வில்லாக மேலெழும்பி, மே3 தகட்டின் ஓரத்தில் முறிந்தது.