கன்ட்ரோலர் தேர்தல்: சாக்ரமெண்டோ நாட்குறிப்பு, 2014

ஜூன் 1, ஞாயிறு

தபால் வாக்குச்சீட்டுகளை இன்று ஒருவழியாக நிரப்பினோம். செவ்வாய் இரவு 8 மணிக்குள் அவை தேர்தல் அலுவலகத்தின் கையில் இருந்தாக வேண்டும். தபால் முத்திரை சரியாக இருந்தாலும், மறுநாள் வந்து சேரும் உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். உறையின் மேல் போடும் கையெழுத்தைப் பதிவேட்டில் உள்ளதோடு ஒப்பிட்டும் பார்ப்பார்கள். என் மனைவிக்கு வங்கியில் ஒரு கையெழுத்து, பிள்ளையின் பள்ளியில் ஒரு கையெழுத்து. "எதைக் கொடுத்தேன் என்று நினைவில்லையே" என்று ஓட்டுநர் உரிமத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் இருந்த சுழியையே மெதுவாகப் போட்டாள். நாளை நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.

கன்ட்ரோலர் பதவிக்கு யார் நிற்கிறார்கள் என்று அலுவலகத்தில் கேட்டால் பாதிப் பேர் விழிக்கிறார்கள். கலிபோர்னியா மாநில அரசின் காசோலைகளை வழங்குபவர் அவர். தணிக்கையும் அவர் பொறுப்பு. 2011இல் பட்ஜெட் வரவும் செலவும் ஈடாகவில்லை என்று இப்போதைய கன்ட்ரோலர் ஜான் சியாங் சட்டமன்ற உறுப்பினர்களின் சம்பளத்தையே நிறுத்திவைத்தார். அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர் அப்போதைய சபாநாயகர் ஜான் பெரெஸ். அதே பெரெஸ் இப்போது சியாங்கின் நாற்காலிக்குப் போட்டியிடுகிறார். எனக்கு இது ருசிக்கவில்லை.

ஜூன் 4, புதன்

நேற்றைய முதற்கட்டத் தேர்தலில் முதலிடம் ஃப்ரெஸ்னோ மேயர் ஆஷ்லி ஸ்வெரென்ஜினுக்கு. குடியரசுக் கட்சிக்காரர். இங்கே கட்சி பார்க்காமல் முதல் இருவர் நவம்பர் இறுதித் தேர்தலுக்குப் போவார்கள். 2010இல் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த முறை. இரண்டாம் இடத்துக்குத்தான் நெரிசல். பெரெஸ், வரி வாரியத்தின் பெட்டி யீ இருவரும் ஜனநாயகக் கட்சி. அவர்கள் தோளை உரசிக்கொண்டு நிற்பவர் டேவிட் எவன்ஸ். பிரச்சாரத்துக்குப் பெரிதாகப் பணம் செலவழிக்காத குடியரசுக் கட்சிக்காரர். அவர் இன்னும் கொஞ்சம் ஏறினால், ஜனநாயகக் கட்சியின் கோட்டையில் அந்தக் கட்சிக்கு நவம்பரில் ஆளே இருக்காது!

ஜூன் 19, வியாழன்

மாநிலத்தின் 58 கவுண்டிகளும் (நம் மாவட்டங்கள் மாதிரி) தத்தம் வேகத்தில் எண்ணுகின்றன. மாலையில் எண்களைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பாடு. முன்னிலை பெரெஸுக்கும் யீக்கும் இடையே மாறிக்கொண்டே இருக்கிறது. நம் ஊர்க்காரர் ஒருவர், "தில்லுமுல்லு இல்லாமல் இப்படி மாறுமா?" என்கிறார். மாறும். கடைசி நாளில் குவிந்த உறைகளைக் கையெழுத்து பார்த்துப் பிரிக்கிறார்கள். தகுதி உறுதியாகாமல் ஒதுக்கிய வாக்குகள் அதற்கும் பின்னால் வருகின்றன. வேகமாக எண்ணச் சொன்னால் சரிபார்ப்பதைத்தான் குறைப்பார்கள்.

ஜூலை 1, செவ்வாய்

லேக் கவுண்டியும் முடித்துவிட்டது. யீ 8,78,195. பெரெஸ் 8,77,714. 40 லட்சத்துக்கும் மேல் விழுந்த வாக்குகளில் 481 வித்தியாசம்.

ஜூலை 7, திங்கள்

பெரெஸ் மறு எண்ணிக்கை கேட்டுவிட்டார். கேட்கட்டும், அது அவர் உரிமை. ஆனால் விதியைப் படித்ததும் கோபம் வந்தது. எத்தனை நெருக்கமானாலும் தானாக மறு எண்ணிக்கை கிடையாது. கேட்பவர் அன்றன்றைக்கு முன்பணம் கட்ட வேண்டும். முடிவு மாறினால் திரும்பக் கிடைக்கும். எந்தக் கவுண்டிகள், எந்த வரிசையில் என்பதும் கேட்பவர் விருப்பம். பெரெஸ் தேர்ந்தெடுத்தவை 15. பெரும்பாலும் அவருக்குச் செல்வாக்குள்ள இடங்கள். தணிக்கைக்குப் போகிறவனிடம் எந்தப் பேரேட்டைப் பார்க்கலாம் என்று கம்பெனிக்காரரே எடுத்துக் கொடுத்தால், அந்தத் தணிக்கையில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். பணமில்லாத வேட்பாளர் இந்த 481ஐ எப்படிக் கேள்வி கேட்பார்?

ஜூலை 11, வெள்ளி

கெர்ன், இம்பீரியல் கவுண்டிகளில் கையால் எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். குழுவுக்கு நான்கு பேர். ஒருவர் சீட்டைப் படிக்கிறார், ஒருவர் சரிபார்க்கிறார், மற்ற இருவர் தனித்தனியே குறிக்கிறார்கள். இருவர் குறிப்பும் ஒத்துப்போகாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

ஜூலை 18, வெள்ளி

பெரெஸ் விட்டுக்கொடுத்துவிட்டார். ஒரு வார எண்ணிக்கையில் சொல்லும்படி எதுவும் மாறவில்லை. முழுவதும் எண்ணி முடிக்க நேரமில்லை என்கிறார். நவம்பர் வாக்குச்சீட்டு அச்சுக்குப் போக வேண்டுமே. லாஸ் ஏஞ்சலஸ் பெட்டிகளைத் தொடவே இல்லை. நான் வாக்களித்தது யீக்குத்தான். ஆனாலும் அரைகுறையாக நின்ற எண்ணிக்கை எனக்கு உறுத்துகிறது.

நவம்பர் 5, புதன்

யீ சுமார் 54 சதவீதம் பெற்று ஸ்வெரென்ஜினை வென்றுவிட்டார். ஜனநாயகக் கட்சிக்காரர் யார் நின்றிருந்தாலும் வென்றிருப்பார் என்றே தோன்றுகிறது. அப்படியானால் கன்ட்ரோலரை முடிவு செய்தது ஜூன் மாதம், வாக்காளர்களில் நாலில் ஒருவர் மட்டும் வந்த தேர்தல். மறு எண்ணிக்கை விதி இன்னும் அப்படியே இருக்கிறது. எங்கள் தொகுதி உறுப்பினருக்கு இன்று ஒரு கடிதம் எழுதினேன்: இத்தனை நெருக்கமான முடிவு என்றால், அரசு செலவிலேயே எல்லாக் கவுண்டிகளிலும் எண்ணுங்கள்.