தடைக்கால டைரி: அந்த ஜட்ஜம்மா

ஏப்ரல் 19, 2025
மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சு அஞ்சு நாள். 61 நாளும் கடலுக்குப் போகாம அப்பா வீட்லதான். நேத்து ராத்திரி லேப்டாப்புல தி குட் வைஃப்ங்கிற அமெரிக்க சீரியல ஓட்டிக்கிட்டு இருந்தேன், அவரும் வந்து பக்கத்துல உக்காந்துட்டாரு. இங்கிலீஷ் புரியாது, நான்தான் சொல்லிக்கிட்டே வரணும். சிகாகோ கோர்ட்டுல நடக்குற கதைப்பா, 2009ல ஆரம்பிச்சு 2016 வரைக்கும் ஓடுச்சுன்னேன். "ஒரே கேஸாடா?"ன்னாரு. நம்மூரு கோர்ட்ட நெனச்சுக்கிட்டு கேட்டாரு போல.

ஏப்ரல் 23
இன்னைக்கு ஜட்ஜ் பட்ரீஸ் லெஸ்னர். அனா கேஸ்டயர் நடிச்சது, சாட்டர்டே நைட் லைவ்ங்கிற டிவி காமெடி ஷோவுல ஆறு வருஷம் காமெடி பண்ணவங்க. எப்பவாவது ஒரு எபிசோடுல தலைய காட்டுவாங்க, அந்தம்மா வீடு வாசல் குடும்பம் எதுவும் நமக்குத் தெரியாது. ஒரே ஒரு கிறுக்கு: வக்கீல் எது சொன்னாலும் கடைசில 'இன் மை ஒப்பீனியன்', அதாவது 'இது என் அபிப்பிராயம்'னு போட்டே ஆகணும். மறந்தா வாக்கியத்த முடிக்க விட மாட்டாங்க. ஆவேசமா அப்ஜெக்‌ஷன்னு எந்திரிக்கிறவன் பாதில நின்னு அத ஒட்டவச்சிட்டு உக்காரும்போது மூஞ்சி போற போக்கு இருக்கே, அப்பாவுக்கு அதுக்கு மட்டும் மொழிபெயர்ப்பே தேவைப்படல. அவ்ளோ சிரிப்பு.

மே 7
சிவில் கோர்ட் லீவு. சீனியர் வக்கீல் ஆபீஸ்லயும் வேலை இல்ல.
லெஸ்னர் மேட்டர் மண்டைக்குள்ளயே சுத்துது. அமெரிக்க வக்கீல் சங்கமான பார் அசோசியேஷன் வக்கீல்களுக்கு எழுதி வச்ச மாடல் ரூல்ஸ்ல 3.4ன்னு ஒண்ணு இருக்கு, சாட்சி சொல்றது நம்புற மாதிரி இருக்கா, கட்சிக்காரன் பக்கம் நியாயம் இருக்கான்னு வக்கீல் விசாரணைல சொந்த அபிப்பிராயம் சொல்லக்கூடாதுங்குது. இந்தம்மா என்னடான்னா அபிப்பிராயம்னு சொல்லித்தான் ஆகணும்ங்கிறாங்க! சீரியல எழுதுனவங்க இத யோசிச்சுத்தான் வச்சாங்களா தெரியல, எனக்கு அதுலதான் ஜோக்கே. நம்ம பக்கம் சாட்சி தான் பார்த்தத, கேட்டத மட்டும் சொல்லணும், அபிப்பிராயம்னு வந்தா பெரும்பாலும் நிபுணர்தான். பழைய எவிடென்ஸ் ஆக்ட்ல பிரிவு 45, புது சாட்சிய சட்டத்துல பிரிவு 39. நம்பர் மாறுனதுல நான் இன்னும் தடுமாறிக்கிட்டுத்தான் இருக்கேன்.

மே 20
மண்டபம் ஊர்ல அப்பாவோட படகக் கரையேத்தி கலப்பத்து நடக்குது, பலகை இடுக்கெல்லாம் அடைக்கிற வேலை. சாப்பாடு கொண்டு போனேன், ஒரே வெயில், தார் வாசன. மேஸ்திரிக்கும் அப்பாவுக்கும் ஒரு பலகைய வச்சு வாக்குவாதம். மேஸ்திரி சுத்தியலால ரெண்டு தட்டு தட்டிட்டு "இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்ணே"ன்னாரு. அப்பா என்னப் பார்த்து கண்ணடிச்சிட்டு, "அது ஒன் அபிப்பிராயம்னு சேத்துச் சொல்லுப்பா"ன்னாரு. மேஸ்திரிக்கு ஒண்ணும் வெளங்கல. அப்புறம் அப்பா ஒரு ஆணிய எடுத்து பலகை ஓரத்துல விரலாலயே அழுத்துனாரு. சோப்புல எறங்குன மாதிரி முக்கால்வாசி போயிருச்சு. வெளிய இழுத்தா நுனில ஈரமா மரத்தூள் ஒட்டிக்கிட்டு வருது. மேஸ்திரி அதுக்கப்புறம் பேசவே இல்ல, அளவு நாடாவ எடுத்துட்டாரு.
பலகை செலவு தனி. அம்மாகிட்ட யாரு சொல்றதுன்னுதான் இப்ப பிரச்சனை.

மே 28
அப்பாவுக்கு இப்ப கதை வேணாம், "அந்த ஜட்ஜம்மா வர்றத மட்டும் போடு"ங்கிறாரு. ஹீரோயின் அலிசியாவோட புருஷன் விவகாரம்லாம் அவருக்கு போர். எனக்கும் ஒரு எடத்துல அதேதான். ஹீரோயினுக்கு ஏழு சீசன் வேணும், இந்தம்மாவுக்கு மூணு வார்த்தை போதும், எதிர்ல நிக்கிற வக்கீல் எப்படிப்பட்ட ஆளுன்னு அதுலயே தெரிஞ்சுரும். கோவப்படுறவன், பல்லக் கடிச்சிட்டு சொல்றவன், மொத தடவையே பழகிக்கிட்டு ஈஈன்னு இளிக்கிறவன். இளிக்கிறவன்தான் கேஸ ஜெயிப்பான்னு அப்பா கட்சி.

ஜூன் 14
ராத்திரியோட தடை முடியுது. பகல் பூரா ஐஸு, டீசல், வலைன்னு அப்பா ஓட்டம். சாப்பிட்டதும் படுத்துட்டாரு.
நான் ஒரு எபிசோட் போட்டேன். வேற ஜட்ஜ். பாதில நிப்பாட்டிட்டேன்.